ரவுட்டர் வாங்கும் முன் ஒரு லேன் கேபிள் இழுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரையில் மாடி வீடு. கீழே ஹாலில் ஃபைபர் மோடம், மேலே அறையில் பிஎஸ்5 கேம் பெட்டி. இணைப்பு 200 எம்பிபிஎஸ். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் குறையில்லாமல் வருகிறது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆன்லைனில் ஃபுட்பால் ஆடினால் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆட்டக்காரர் உதைக்கிறார். துப்பாக்கிச் சண்டையில் எதிரி நின்ற இடத்திலிருந்து மறைந்து வேறு இடத்தில் தோன்றுகிறான். கடைக்காரர் 18,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் ரவுட்டரைக் காட்டுகிறார். நெட் கம்பெனி 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறது. எதைச் செய்யலாம்? கூடவே, பிஎஸ்5 காட்டும் நாட் வகை என்றால் என்ன, எந்த இணைப்பு நல்லது என்றும் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் தம்பி. முதலில் 20 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, மோடத்திலிருந்து மாடி அறைக்கு இழுங்கள். நான் வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் வயரிங் செய்து 15 வருடம் ஆகிறது. கேம் லேக் ஆகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் கோளாறு மோடத்துக்கும் கேம் பெட்டிக்கும் நடுவில், வீட்டுக்குள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து வரும் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அது சரியாகாது.

ஏன் என்று சொல்கிறேன். ஆன்லைன் ஆட்டத்துக்கு வேகம் மிகக் குறைவாகத்தான் தேவை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்ற சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள் நொடிக்குச் சில பத்து முறை போகும், வரும். படம் முழுக்க உங்கள் டிவி பக்கத்தில் இருக்கும் பெட்டியிலேயே வரையப்படுகிறது. அதனால் பல கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது. ஆனால் அந்தப் பொட்டலம் ஒவ்வொன்றும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போய்த் திரும்ப ஆகும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். அது 40 மில்லி நொடி என்றால் எப்போதும் 40-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு தடவை 40, அடுத்த தடவை 180, மறுபடி 45 என்று ஆடினால் கேம் தடுமாறும். ஒரே சீராக 70-ல் நிற்கும் இணைப்பில்கூட நிம்மதியாக விளையாடலாம். ஸ்பீட் டெஸ்டின் பெரிய எண் பிங்கின் இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

காசு செலவழிக்கும் முன் இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பைக் கேம் பெட்டி இருக்கும் அறையிலேயே, அதே வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் கட்டளைத் திரையில் பிங் கட்டளைக்கு முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள் (வைஃபை தரும் உங்கள் மோடம்தான் இப்போது ரவுட்டரும்). ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும், அதுதான். நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓடட்டும். அது வீட்டுக்குள்ளேயே போய்த் திரும்பும் தூரம். வயரில் இருந்தால் 1 மில்லி நொடியைத் தாண்டுவதே அபூர்வம். நல்ல வைஃபையில் 2 முதல் 5 வரை வரும். இடையிடையே 80, 150, 300 என்று எகிறினால், அல்லது பதிலே வராத வரிகள் தென்பட்டால், குற்றவாளி உங்கள் வைஃபைதான். நெட் கம்பெனிக்கு இதில் பங்கே இல்லை. அப்புறம் அதே மாதிரி வெளியே இருக்கும் கூகுளின் முகவரியான 8.8.8.8-க்கு ஐந்து நிமிடம் போடுங்கள். முதலாவது ஆடாமல் நின்று இரண்டாவது மட்டும் ஆடினால்தான் வெளி இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் முதல் சோதனையே தோற்கும் என்று நினைக்கிறேன். நம் ஊர் வீடுகள் வைஃபைக்குச் சாதகமானவை அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். அதனால் பெட்டி 2.4-க்கு இறங்கிவிடும். 2.4-ல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எட்டு மணிக்கு மேல் தெருவே வீட்டில் இருக்கும், அத்தனை பேரின் வைஃபையும் அந்த மூன்றில்தான் நெரியும். வைஃபை என்பது ஒரே அடிபம்பில் வரிசையாகக் குடம் பிடிப்பது போல. ஒரு நேரத்தில் ஒருவர்தான். உங்கள் பொட்டலம் சின்னதுதான், ஆனாலும் முன்னால் நிற்கும் பெரிய குடங்கள் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். மோதல் நடந்தால் திரும்ப அனுப்ப வேண்டும். பகலில் நன்றாக ஓடி ராத்திரி லேக் ஆகிறது என்றால் பலமுறை காரணம் இதுதான்.

எந்தக் கேம் பெட்டி என்பதும் முக்கியம். பழைய முதல் பிஎஸ்4-க்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை கிடையவே கிடையாது, எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் அது 2.4-ல்தான் பேசும். ஸ்லிம், ப்ரோ மாடல்களில்தான் 5 வந்தது. பிஎஸ்5-ல் வைஃபை 6 இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டிலும் வைஃபை 5 மட்டும்தான், அவற்றுக்காக வைஃபை 7 ரவுட்டர் வாங்குவதில் பயன் இல்லை. இவை எல்லாவற்றிலும் ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) லேன் போர்ட் பின்பக்கம் இருக்கிறது. நிண்டெண்டோ சுவிட்சில் மட்டும் கவனம்: 2017-ல் வந்த முதல் மாடலின் டாக்கில் (டிவியோடு இணைக்கச் செருகும் தாங்கி) லேன் போர்ட் இல்லை, யுஎஸ்பி அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். ஓஎல்இடி மாடலின் டாக்கிலும் சுவிட்ச் 2-வின் டாக்கிலும் இருக்கிறது.

சண்டைக் கேம் ஆடுகிறவர்களுக்கு வயர் இன்னும் அவசியம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்றவற்றில் எதிராளி வயரில் இருக்கிறாரா வைஃபையில் இருக்கிறாரா என்று திரையிலேயே அடையாளம் காட்டும். வைஃபை அடையாளத்தைப் பார்த்ததும் ஆட மறுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. வைஃபையின் ஒரு சின்னத் தடங்கல் ஐந்தாறு சட்டங்களை விழுங்கிவிடும்.

சரி, கேபிளுக்கு வருவோம். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கேட் 5இ கூட 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும், ஆனால் விலை வித்தியாசம் குறைவு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் கடைகளில் அதே மாதிரி நீலத் தோலில் கிடைக்கிறது. ஒரு கம்பியின் முனையைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொஞ்ச நாளில் முனைகளில் ஒடிந்து தொல்லை தரும். ஆன்லைனில் விற்கும் தட்டையான மெல்லிய கேபிளும் நீண்ட தூரத்துக்கு வேண்டாம்.

இழுக்கும் வழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பல வீடுகளில் டிவி கேபிளுக்கென்று சுவருக்குள் தனிப் பைப் போட்டிருப்பார்கள். உபயோகமில்லாமல் கிடக்கும் அந்தப் பழைய டிவி வயரின் ஒரு முனையில் லேன் கேபிளை இறுக்கக் கட்டி, டேப் சுற்றி, மறுமுனையிலிருந்து ஒருவர் மெதுவாக இழுக்க ஒருவர் ஊட்டினால் அரை மணி நேரத்தில் மாடிக்கு வந்துவிடும். கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் போட வேண்டாம். அது ஆபத்து, சிக்னலும் கெடும்.

முனைகளில் கனெக்டர் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், முடிந்தால் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். தோலை ஒரு அங்குலம் உரித்தால் நான்கு ஜோடி முறுக்குக் கம்பிகள். முறுக்கைப் பிரித்து விரலால் நீவி நேராக்கி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். கனெக்டரின் கிளிப் கீழே பார்க்க, திறந்த வாய் உங்களைப் பார்க்க இருக்கட்டும். கம்பிகளை அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக நறுக்கி உள்ளே தள்ளினால், எட்டுச் செம்பு முனைகளும் கனெக்டரின் மறுகோடியில் புள்ளிகளாகத் தெரியும். எட்டும் தெரிந்த பிறகுதான் கிரிம்பிங் கருவியை அழுத்த வேண்டும். வெளித்தோலும் கனெக்டருக்குள் கொஞ்சம் போய் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் இழுபட்டுக் கழன்றுவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் வீட்டிலேயே ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர் அவசரத்தில் நான்கு கம்பிகளை மட்டும் சேர்த்துவிட்டுப் போனார். நெட் வந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 300 திட்டத்தில் ஸ்பீட் டெஸ்ட் 94-ஐத் தாண்டவே இல்லை. நான்கு கம்பியில் 100 எம்பிபிஎஸ் வரைதான் ஓடும், அதன் நடைமுறை உச்சம் 94, 95. நீங்கள் எப்போதாவது அந்த எண்ணில் வேகம் முட்டி நிற்பதைப் பார்த்தால் கனெக்டரைப் பாருங்கள், அல்லது போர்ட்டைப் பாருங்கள். சில மலிவு ரவுட்டர்களின் லேன் போர்ட்டுகளே 100 எம்பிபிஎஸ்தான், பெட்டிமேல் வைஃபை வேகத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நெட் கம்பெனி தரும் சில மோடங்களிலும் நான்கு போர்ட்டில் ஒன்று மட்டும் ஜிகாபிட்டாக இருக்கும்.

வாடகை வீடு, துளை போடவே கூடாது என்றால் அடுத்த வழி: மோடத்தை வீட்டின் நடுவே, மாடிப்படிக்குப் பக்கத்தில், தலை உயரத்துக்கு மேல் மாற்றச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னாலும் மர அலமாரிக்குள்ளும் வேண்டாம். கேம் பெட்டியை 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையுங்கள். அதற்கு 2.4, 5 இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எளிது. வீடு முழுக்க வைஃபை பரப்பும் மெஷ் பெட்டிகள் வாங்கினால் அவற்றுக்கு இடையே முடிந்தவரை வயர் இருக்கட்டும். வயரில்லாத மெஷ் பொட்டலத்தைக் காற்றில் இரண்டு முறை கடத்துகிறது, வரிசையும் இரண்டாகிறது. சுவரில் செருகும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கேமுக்கு வேண்டவே வேண்டாம். கரண்ட் வயர் வழியாக நெட் கடத்தும் பவர்லைன் அடாப்டரை, திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள். இன்வெர்ட்டரும் இரண்டு மூன்று ஃபேஸும் உள்ள வீட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வயர் போட்ட பிறகும் சில நேரம் மட்டும் லேக் வருகிறதா? அப்போது வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் போய் வந்த அக்காவின் போன் முந்நூறு போட்டோவையும் வீடியோவையும் இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மோடத்துக்குள் இருக்கும் காத்திருப்பு அறை அதனால் நிரம்பி, உங்கள் சின்னப் பொட்டலம் அந்தக் கூட்டத்தின் வாலில் போய் நிற்கும். பிங் 30-லிருந்து 400-க்கு ஏறும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு ஆராய்ந்து வெளியே சொன்னார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ கோடெல், கேக் ஆகியவை இன்று இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கின்றன. பெரிய கூட்டத்தின் நடுவிலும் சின்னப் பொட்டலங்களை முறைவைத்து முன்னால் விடுவதுதான் அதன் வேலை.

சோதிப்பது சுலபம். 8.8.8.8-க்குப் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பதிவிறக்கம் நடக்கும்போதும், முக்கியமாகப் பதிவேற்றம் நடக்கும்போதும் பிங் எவ்வளவு ஏறுகிறது? 20, 30 ஏறினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால் எஸ்க்யூஎம் உள்ள ரவுட்டர் உண்மையிலேயே உதவும். அதில் உங்கள் வேகத்தில் 90 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும், 200 என்றால் 180. கொஞ்சம் வேகத்தைத் தியாகம் செய்தால்தான் காத்திருப்பு மோடத்துக்குப் போகாமல் ரவுட்டரின் கையில் இருக்கும். இதற்கு நல்ல பிராசசர் தேவை, மிக மலிவான ரவுட்டர்கள் திணறும். பதிவேற்றத்துக்கும் பதிவிறக்கத்துக்கும் ஒரே வேகம் தரும் 200 திட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு, 30, 40 எம்பிபிஎஸ் திட்டங்களில்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ரவுட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டிமேல் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஏஎக்ஸ்3000 என்றால் 2.4-ன் 574-ஐயும் 5-ன் 2,402-ஐயும் கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு கருவி ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். எட்டு ஆன்டெனாவும் சிவப்பு விளக்கும் பிங்கைக் குறைக்காது. கேமிங் ரவுட்டர் தன் வாசல் வரைக்கும்தான் வரிசையை ஒழுங்குபடுத்த முடியும், வாசலைத் தாண்டிப் பொட்டலம் எந்த வழியில் போகிறது என்பதில் அதற்குக் கையில்லை. டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் பிங் குறையும் என்று சொல்வதும் தவறு. அது பெயரை முகவரியாக மாற்றித் தருவதோடு சரி, ஆட்டம் தொடங்கிய பின் அதற்கு வேலை இல்லை. 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட்டாக உள்ள ஒரு வைஃபை 6 ரவுட்டர் உங்கள் வீட்டுக்குப் போதும். அதை மாடியில் வைத்து, கீழேயிருந்து வரும் லேன் கேபிளில் மாட்டி, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் ஓட விட்டால் மாடி முழுக்க வைஃபையும் கிடைக்கும், கேம் பெட்டிக்கு வயரும் கிடைக்கும். ரவுட்டர் முறையில் விட்டால் மோடம் ஒரு முகவரி மாற்றம் (இதைத்தான் நாட் என்கிறோம்), இது ஒரு முகவரி மாற்றம் என்று இரட்டை நாட் ஆகி, நண்பர்களுடன் குரல் பேச்சு அறுந்து போகலாம்.

நாட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிஎஸ்5-ல் நெட்வொர்க் சோதனை போட்டால் நாட் வகை 1, 2, 3 என்று ஒன்றைக் காட்டும். 2 இருந்தால் போதும். 3 காட்டினால் சிலரோடு சேர முடியாது, பேச்சுக் கேட்காது. முதலில் ரவுட்டரில் யுபிஎன்பி, அதாவது கேம் பெட்டி கேட்டதும் தானாக வழி திறந்துவிடும் வசதி, ஓடுகிறதா பாருங்கள். பிறகு ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது நீங்கள் ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பயன் இல்லை. புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐ ஓடவிட்டுப் பாருங்கள், எக்ஸ்பாக்ஸுக்கு அது நன்றாகவே உதவும். அதுவும் போதவில்லை என்றால் மாதக் கட்டணத்துக்குப் பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள்.

இணைப்பு எது என்ற கேள்விக்கு, வீடுவரை ஃபைபர் வரும் இணைப்புதான் என் முதல் தேர்வு. சில குடியிருப்புகளில் ஃபைபர் மொட்டைமாடி வரைதான் வரும், அங்கிருந்து லேன் வயர். நடுவில் உள்ள சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் நெட் போய்விடும். உண்மையான ஃபைபரில் தெருவில் இருக்கும் பிரிப்பான் வெறும் கண்ணாடி, கரண்டே தேவையில்லை. 5ஜி வழி வரும் ஏர்ஃபைபர் படம் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் டவரில் கூட்டம் கூடும்போது பிங் ஆடும். ஃபைபர் வராத தெருவுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

எந்தக் கம்பெனி என்பது ஊரைவிட, தெருவைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில் அதே இணைப்பு இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பிங் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல ஆய்வு இல்லை. நீங்கள் ஆடும் கேமின் சர்வர் எங்கே என்றும் பாருங்கள். பெரும்பாலும் மும்பை அல்லது சிங்கப்பூர். நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சென்னைக் கரையிலிருந்தே போகிறது. 2002-ல் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 32 மில்லி நொடி, அதைவிடக் குறைக்க எந்தக் கருவியாலும் ஆகாது. மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் சேர்த்து 40 சொச்சம் வந்தால் உங்கள் கம்பெனி நேர்வழியில் அனுப்புகிறது. 90, 100 என்று எப்போதுமே நின்றால் சுற்றுவழியில் போகிறது, அப்போதுதான் கம்பெனியை மாற்ற யோசிக்கலாம். திட்டத்தை உயர்த்தினால் வழி மாறாது.

வேகம் உண்மையில் உதவுவது டவுன்லோடுக்கு. 100 ஜிபி கேம் இறங்க 40 எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை மணி நேரம், 100-ல் இரண்டேகால் மணி நேரம், 200-ல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 500-க்குப் போனால் அரை மணிக்குள் முடியும். மாதத்துக்கு ஒரு புதுக் கேம் இறக்குகிறவருக்கு அதற்காக ஒவ்வொரு மாதமும் கூடுதல் பணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் தேவையா? பிஎஸ்5-ஐ ஓய்வு நிலையில் விட்டுத் தூங்கினால் காலையில் இறங்கியிருக்கும்.

மிச்சப்படும் பணத்தில் மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். மோடம் அடாப்டரின் முதுகில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் மாதிரி எழுதியிருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் சிமிட்டலில் மோடம் அணைந்து மறுபடி எழுந்துவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் ரேங்க் ஆட்டம் தோற்றிருக்கும். மோடத்துக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயரைக் கதவிடுக்கில் மடித்து வைத்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள். கூர்மையாக மடிந்தால் ஒளி கசியும், மோடத்தில் கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியாமலேயே இணைப்பு விட்டு விட்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை கேபிளை இழுத்து முடியுங்கள். திங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு, லேப்டாப்பை அந்த வயரிலேயே செருகி, ரவுட்டருக்குப் பிங், 8.8.8.8-க்குப் பிங், ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது பிங், இந்த மூன்று எண்ணையும், கேம் காட்டும் பிங்கையும் குறித்து அனுப்புங்கள். முதல் மூன்றும் நன்றாக இருந்து கேமில் மட்டும் கூடுதலாக வந்தால், உங்கள் தெருவில் வேறு யாருடைய ஃபைபர் வருகிறது என்று சேர்த்து எழுதுங்கள், அதைவைத்துப் பார்ப்போம்.